உலோகக் கலவைத் தரவுத்தளம்: உள்ளே என்ன இருக்கிறது, திருத்துவது ஏன் கடினம்?

1943 ஜனவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்பிரிங்டேல் என்ற ஊரின் மின்நிலையத்தில் நீராவிக் குழாய் ஒன்று வெடித்தது. அரை சதவீதம் மாலிப்டினம் கலந்த எஃகுக் குழாய். ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸில் ஐந்தாண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை பார்த்த குழாய்தான். உடைந்த இடத்தை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது, வெல்டிங்கை ஒட்டிய பகுதியில் கிராஃபைட் வரிசையாகத் திரண்டிருந்தது. அந்தக் கார்பன் முதலில் இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற கடினமான கார்பைடாக இருந்தது. இத்தனை ஆண்டுச் சூட்டில் கார்பைடு சிதைந்து, கார்பன் தனியே ஒதுங்கிவிட்டது. கிராஃபைட்டுக்கு வலு ஏது? குழாய் அந்தக் கோட்டிலேயே கிழிந்தது.

வெப்ப இயக்கவியலைக் கேட்டால், சாதாரணக் கார்பன் எஃகில் உள்ள சிமென்டைட் எல்லாமே கிராஃபைட்டாக மாறத்தான் வேண்டும் என்று சொல்லும். கட்டடக் கம்பியில் இருப்பதும் அதில் சேர்த்திதான். ஆனால் நூறாண்டு ஆனாலும் கம்பியில் ஒன்றும் நடப்பதில்லை. அறை வெப்பநிலையில் அணுக்கள் இடம்பெயரும் வேகம் அவ்வளவு குறைவு. 500 டிகிரியில் ஐந்தாண்டு போதுமானதாக இருந்தது.

ஆக, ஒரு உலோகக் கலவையை வடிவமைக்கிறவருக்கு இரண்டு கேள்விகள். கடைசியில் என்னவாக மாற விரும்புகிறது? அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? முதல் கேள்விக்கு விடை சொல்வது வெப்ப இயக்கவியல் தரவுத்தளம். இரண்டாவதற்கு விரவல் தரவுத்தளம், அதாவது அணுக்கள் திண்மத்துக்குள் ஊர்ந்து பரவும் வேகத்தைப் பற்றியது. ஸ்பிரிங்டேலுக்குப் பிறகு நீராவிக் குழாய் எஃகில் குரோமியம் சேர்ப்பது வழக்கமானது. குரோமியம் இருந்தால் கார்பைடு எளிதில் சிதையாது. அன்று அதைச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். இன்று எவ்வளவு குரோமியம், எந்த வெப்பநிலை என்று கணினியிடம் சில நொடிகளில் கேட்டுவிடலாம். அந்தப் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தரவுத்தளத்தின் தரத்தைப் பொறுத்தது.

அந்தக் கோப்புக்குள் என்னதான் இருக்கிறது? தரவுத்தளம் என்றதும் சோதனைச் சாலையில் அளந்த எண்களின் நீண்ட பட்டியல் என்றுதான் தோன்றும். திறந்து பார்த்தால் நேரடி அளவீடு ஒன்றுகூட இருக்காது. இருப்பவை சூத்திரங்களும் அவற்றின் கெழுக்களும். ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒரு சூத்திரம். ஃபேஸ் என்றால் ஒரே படிக அமைப்பும் ஒரே தன்மையும் கொண்ட பகுதி: உருகிய திரவம் ஒரு ஃபேஸ், எஃகில் வரும் ஆஸ்டனைட் என்ற படிகம் ஒன்று, சிமென்டைட் இன்னொன்று. வெப்பநிலையையும் கலவை விகிதத்தையும் கொடுத்தால் அந்த ஃபேஸின் கிப்ஸ் ஆற்றல் எவ்வளவு என்று சூத்திரம் சொல்லும். மொத்தக் கிப்ஸ் ஆற்றல் எந்தக் கூட்டணியில் மிகக் குறைவோ அதுதான் சமநிலை. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது மென்பொருளின் வேலை. அமெரிக்க அறிவியலாளர் கிப்ஸ் இந்தக் கோட்பாட்டை 1870-களிலேயே எழுதிவிட்டார். பல தனிமக் கலவைகளுக்கு அதைக் கணினியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி அமெரிக்காவின் லாரி காஃப்மன். ஸ்டாக்ஹோமில் மாட்ஸ் ஹில்லர்ட்டின் குழு அதை வளர்த்தது. இன்று தொழிற்சாலைகளில் பரவலாக ஓடும் தெர்மோ-கால்க் மென்பொருள் அங்கிருந்து வந்ததுதான். இந்த முறைக்குக் கால்ஃபேட் என்று பெயர்.

சரி, சூத்திரத்தின் கெழுக்கள் எங்கிருந்து வருகின்றன? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

முதல் படி தனித் தனிமங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் ஆஸ்டனைட்டை எடுத்துக்கொள்வோம். அதன் படிக அமைப்பு எஃப்சிசி, அதாவது கனசதுரத்தின் மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் ஓர் அணு. அதில் 18 சதவீதம் குரோமியம் கரைந்திருக்கிறது. எஃப்சிசி ஃபேஸுக்குச் சூத்திரம் எழுத வேண்டுமானால், தூய குரோமியம் எஃப்சிசி அமைப்பில் இருந்தால் அதன் ஆற்றல் என்ன என்று தெரிந்தாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், தூய குரோமியம் சாதாரண அழுத்தத்தில் உருகும்வரை பிசிசி அமைப்பிலேயே, அதாவது கனசதுரத்தின் மூலைகளிலும் நட்டநடுவிலும் அணு உள்ள அமைப்பிலேயே, இருக்கும். எஃப்சிசி குரோமியத் துண்டு என்று ஒன்றை எடுத்துவந்து யாரும் அளக்க முடியாது. இல்லாத பொருளுக்கு ஓர் எண் வேண்டும்! காஃப்மன் இதற்குத் துணிந்து ஒரு வழி சொன்னார்: நிக்கல் போன்ற எஃப்சிசி உலோகங்களில் குரோமியம் கரையும்போது ஃபேஸ்களின் எல்லைக் கோடுகள் எப்படி வளைகின்றன என்று பார்த்து, அந்த வளைவைத் தூய குரோமியம்வரை நீட்டிப்பது. ஐரோப்பியக் குழுவான எஸ்ஜிடிஇ-யின் சார்பில் ஆலன் டின்ஸ்டேல் 1991-இல் 78 தனிமங்களுக்கு இப்படிப்பட்ட எண்களைத் தொகுத்து வெளியிட்டார். உலகம் முழுக்க அதுவே பொது அளவுகோல். அதில் எஃப்சிசி குரோமியம், பிசிசி குரோமியத்தைவிட மோலுக்கு 7284 ஜூல் கூடுதல்; அதனுடன் வெப்பநிலையை 0.163-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும்.

பின்னாளில் குவாண்டம் இயக்கவியல் கணக்கீடுகள், அதாவது டிஎஃப்டி, வந்தன. அவை அதே எஃப்சிசி குரோமியத்துக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு எண்ணைத் தந்தன. போதாததற்கு, அப்படியொரு படிகம் சிறு அசைவைக்கூடத் தாங்காமல் குலைந்துவிடும் என்றும் சொல்லின. எது சரி? பல வருடம் இரு தரப்பும் மோதிக்கொண்டன. நடைமுறையில் 7284 வேலை செய்ததற்குக் காரணம் எளிது: ஆஸ்டனைட்டில் குரோமியம் இருபது, முப்பது சதவீதத்தைத் தாண்டுவது அரிது. அந்த வரம்புக்குள், அடிப்படை எண்ணில் உள்ள பிழையை, தனிமங்கள் ஒன்றோடொன்று கலப்பதைக் குறிக்கும் கலவைக் கெழுக்கள் ஈடுகட்டிவிடும். விடை சரியாக வரும், அதற்குச் சொல்லும் காரணம் தவறாக இருந்தாலும். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்ததும், அதே அளவு பயமுறுத்துவதும் இதுதான்.

அடுத்த படி இரண்டு இரண்டாகச் சேர்ப்பது: இரும்பு-குரோமியம், இரும்பு-நிக்கல் என்று. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒருவர் உட்கார்ந்து, அந்த ஜோடியைப் பற்றி வெளிவந்த எல்லா அளவீடுகளையும் திரட்டுகிறார். எந்த வெப்பநிலையில் உருகத் தொடங்குகிறது, கலக்கும்போது எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது, ஆவி அழுத்தம் எவ்வளவு என்று பல வகை. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 1930-களில் தூய்மை குறைந்த உலோகத்தில் அளந்த எண்ணுக்கு எவ்வளவு எடை தருவது, எதை ஒதுக்குவது என்று அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். பிறகு எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்தும் கெழுக்களைக் கணினி தேடித் தரும். ஆகவே தரவுத்தளத்தில் உள்ள ஒவ்வொரு வரியிலும் ஒரு மனிதரின் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. இதை மதிப்பீடு என்கிறார்கள். நல்ல மதிப்பீடு ஒன்றுக்கு மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும்.

பத்துத் தனிமங்கள் உள்ள எஃகுக்கு இப்படி 45 ஜோடிகள். மூன்று மூன்றாகச் சேர்த்தால் 120. நல்ல வேளையாக, மூன்றைத் தாண்டிப் பெரும்பாலும் புதிதாக மதிப்பிடத் தேவைப்படுவதில்லை. ஜோடிகளையும் மும்மைகளையும் ஒன்றாகப் பொருத்தினாலே பத்துத் தனிம எஃகின் நடத்தை ஓரளவு சரியாக வந்துவிடும். கால்ஃபேட் முறையின் மொத்தப் பலமும் இந்த ஒரு வசதியில் இருக்கிறது.

பலவீனமும் அங்கேதான். 1991-இன் தனிம எண்களை வைத்துத்தான் எல்லா ஜோடிகளும் மதிப்பிடப்பட்டன. அந்த ஜோடிகளை வைத்துத்தான் மும்மைகள். குரோமியத்தின் 7284-ஐ இன்று டிஎஃப்டி சொல்லும் எண்ணுக்கு மாற்றினால், குரோமியம் வருகிற அத்தனை ஜோடிகளின் கெழுக்களும் ஒரே நாளில் பொருந்தாமல் போகும். மேல்மாடியில் ஆட்கள் குடியிருக்கும்போதே அஸ்திவாரத்தைத் தோண்டி மாற்றுவது போன்ற வேலை. 1995-இல் ஜெர்மனியின் ரிங்பெர்க் கோட்டையில் வல்லுநர்கள் கூடி, தனிமங்களின் சூத்திரங்களைப் புதுப்பிப்பது எப்படி என்று பேசினார்கள். பழைய சூத்திரங்கள் 298.15 கெல்வினுக்குக் கீழே செல்லாது. டிஎஃப்டி கணக்கோ 0 கெல்வினில் நடக்கிறது. இரண்டையும் நேரடியாக ஒப்பிடுவதற்கே இடையில் பாலம் வேண்டும். 0 கெல்வினிலிருந்தே தொடங்கும் சூத்திரங்களை அங்கே பரிந்துரைத்தார்கள். இந்த மூன்றாம் தலைமுறைச் சூத்திரங்கள் ஒவ்வொரு தனிமமாக வந்துகொண்டிருக்கின்றன. முப்பது வருடம் கழித்தும் தொழிற்சாலைகள் சார்ந்திருப்பது பெரும்பாலும் 1991 தொகுப்பைத்தான். சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. மேலே கட்டியிருப்பது அவ்வளவு.

இனி விரவல். அணுக்கள் அடர்த்தி அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போகும் என்று பள்ளியில் படித்திருப்போம். 1949-இல் லாரன்ஸ் டார்க்கன் வெளியிட்ட சோதனை அதை அசைத்துப் பார்த்தது. இரண்டு எஃகுத் துண்டுகள். ஒன்றில் கார்பன் 0.48 சதவீதம், மற்றதில் 0.44, ஏறக்குறைய சமம். ஆனால் முதல் துண்டில் 3.8 சதவீதம் சிலிக்கானும் உண்டு. இரண்டையும் ஒட்டவைத்து 1050 டிகிரியில் 13 நாள் வைத்தார். கார்பன் அளவு சமமாகத்தானே இருக்கிறது, பெரிதாக எதுவும் நகரக் கூடாது. நடந்தது வேறு: சிலிக்கான் பக்கத்திலிருந்து கார்பன் வெளியேறி மறுபக்கம் குவிந்தது. ஒட்டிய இடத்தில் ஒரு பக்கம் 0.32 சதவீதமாக இறங்க, மறுபக்கம் 0.59-ஆக ஏறியது. சமமாக இருந்தது தானாகவே ஏற்றத்தாழ்வாகிவிட்டது.

காரணம், அணுக்களைத் தள்ளுவது அடர்த்தி வேறுபாடு கிடையாது. கெமிக்கல் பொட்டென்ஷியல் வேறுபாடு. ஓர் இடத்தில் ஓர் அணுவைக் கூடுதலாகச் சேர்த்தால் கிப்ஸ் ஆற்றல் எவ்வளவு கூடும் என்பதே அது. சிலிக்கான் அருகில் இருந்தால் கார்பனுக்கு அந்த இடம் ஒவ்வாது, அதனால் கிளம்பிவிடுகிறது. இப்போது கவனியுங்கள்: கெமிக்கல் பொட்டென்ஷியல் எங்கிருந்து கிடைக்கும்? வெப்ப இயக்கவியல் தரவுத்தளத்திலிருந்துதான். ஆக இரண்டாவது கேள்விக்கான விடையும் முதல் கேள்வியின் தோளில்தான் நிற்கிறது.

ஸ்டாக்ஹோமில் யோன் ஓக்ரனும் அவர் குழுவும் இதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பத்துத் தனிமக் கலவைக்கு விரவல் கெழுக்களை அப்படியே சேமிக்கப் போனால், ஒவ்வொரு கலவை விகிதத்துக்கும் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் 81 எண்கள் வேண்டும். ஒரு தனிமத்தின் அடர்த்திச் சரிவு இன்னொன்றையும் தள்ளுகிறதே. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு தனிமத்துக்கும் நகர்திறன் என்று ஒன்றை, அதாவது தள்ளினால் அணு எவ்வளவு எளிதில் நகரும் என்பதை, மட்டும் வைத்தால் பத்தோடு முடிந்தது. தள்ளுவிசையை வெப்ப இயக்கவியல் கோப்பு தரும், இரண்டையும் பெருக்கினால் 81-ம் வந்துவிடும். டிக்ட்ரா என்ற மென்பொருள் இப்படித்தான் இயங்குகிறது. அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகம் அதிகச் சூட்டைத் தாங்கும் நிக்கல் சூப்பர்அலாய்களுக்குத் தொகுத்த நகர்திறன் தரவுத்தளமும் இதே வகை.

இதற்கு ஒரு விலை உண்டு. நகர்திறனைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை; அளந்த விரவல் கெழுவை வெப்ப இயக்கவியல் காரணியால், அதாவது அடர்த்தி மாறும்போது கெமிக்கல் பொட்டென்ஷியல் எவ்வளவு மாறுகிறது என்பதால், வகுத்து எடுக்கிறார்கள். அந்தக் காரணி எந்தக் கோப்பிலிருந்து வந்ததோ, அந்தக் கோப்போடு மட்டும்தான் அந்த நகர்திறன் சரியாகப் பொருந்தும். வெப்ப இயக்கவியல் கோப்பைப் புதுப்பித்துவிட்டு விரவல் கோப்பைப் பழையபடியே விட்டால், இரண்டும் தனித்தனியே நல்ல கோப்புகளாக இருந்தும் சேர்ந்து தரும் விடை முன்பைவிட மோசமாகலாம். புதிதாக வருபவர்கள் இதில் மாட்டுவது அதிகம். இரண்டு கோப்புகளின் பதிப்பு எண்ணும் இணையானவைதானா என்று முதலில் பாருங்கள்.

அளப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. வழக்கமான முறை, வெவ்வேறு கலவையுள்ள இரண்டு கட்டிகளை வழுவழுப்பாகத் தேய்த்து ஒன்றோடொன்று இறுக்கி, உலையில் நாள்கணக்கில் வைத்து, குறுக்கே வெட்டி, எலக்ட்ரான் கற்றையால் மைக்ரான் மைக்ரானாக அளவு பார்ப்பது. தனிமங்கள் ஒரே வேகத்தில் நகர்வதும் இல்லை. 1947-இல் ஸ்மிகல்ஸ்காஸும் கிர்கெண்டாலும் பித்தளைக்கும் அதன்மேல் பூசிய செம்புக்கும் இடையே மெல்லிய மாலிப்டினம் கம்பிகளைப் பதித்துச் சூடேற்றினார்கள். துத்தநாகம் செம்பைவிட வேகமாக வெளியே ஓடியதால் கம்பிகள் உள்ளே நகர்ந்துபோயின.

வேக வித்தியாசம் எவ்வளவு இருக்கும்? கியர்களுக்கு மேற்பரப்பில் கார்பன் ஏற்றும் ஹீட் ட்ரீட்மென்ட்டில், 925 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தால் கார்பன் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போய்விடும். அது இரும்பு அணுக்களின் இடுக்கில் நுழைந்து ஓடுகிறது. அதே நேரத்தில் குரோமியம் சில மைக்ரான் தாண்டினாலே பெரிது; பக்கத்தில் காலியிடம் கிடைக்கும்வரை அது காத்திருக்க வேண்டும். அலுமினியம் இன்னொரு தலைவலி. கதிரியக்க ஐசோடோப்பைத் தடம் பார்ப்பதுதான் நகர்திறனுக்கு மிகத் தூய்மையான அளவீடு. அலுமினியத்தில் கொஞ்சமாவது நீண்டநாள் நிற்கும் கதிரியக்க ஐசோடோப்பு அலுமினியம்-26 மட்டுமே. அதன் அரை ஆயுள் ஏழு லட்சம் ஆண்டு, கிடைப்பதோ அரிது. விமான எஞ்சின் பிளேடு செய்யும் நிக்கல் கலவைகளில் அலுமினியம்தான் முக்கியக் கூட்டாளி. அதன் எண்கள் பெரும்பாலும் மறைமுகமாகவே வந்தவை.

இன்னொன்று, 1000 டிகிரியில் ஒரு வாரத்தில் அளக்கக்கூடியதை 500 டிகிரியில் அளக்க வருடக்கணக்கில் ஆகும். அதனால் சூட்டில் அளந்து, கோட்டைக் கீழே நீட்டிக்கிறார்கள். பொருள் வேலை செய்யப்போவது என்னவோ அந்தக் கீழ் வெப்பநிலையில்தான்.

இப்படி நீட்டிப்பதில் உள்ள ஆபத்தைக் காட்ட, கேன்டர் கலவை நல்ல உதாரணம். குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஐந்தும் சம அளவில் சேர்ந்தது. பல தனிமங்களை ஏறக்குறையச் சம அளவில் கலக்கும், 2004-இல் அறிமுகமான உயர் என்ட்ரோபி கலவைகளில் முன்னணி. ஒரே ஃபேஸாக உறுதியாக நிற்கும் என்று பெயர்பெற்றது. பிறகு சிலர் பொறுமையாக 500 நாள் உலையில் வைத்துப் பார்த்தார்கள். 700 டிகிரியில் குரோமியம் மிகுந்த சிக்மா என்ற நொறுங்கும் ஃபேஸ் வந்தது. 500 டிகிரியில் மூன்று புதிய ஃபேஸ்கள் பிரிந்தன. உறுதியாக நின்றதாகத் தெரிந்தது, அணுக்கள் நகர நேரம் தராததால்தான்.

இந்தக் கலவையை எஃகுக்கான தரவுத்தளத்தில் போட்டுக் கேட்டால் என்ன ஆகும்? ஐந்து தனிமங்களுக்குப் பத்து மும்மைகள். எஃகுக் கோப்பில் இரும்பு உள்ள ஆறை யாராவது கவனித்திருக்கலாம். கோபால்ட்-குரோமியம்-மாங்கனீசு போல இரும்பே இல்லாத மற்ற நான்கை எஃகுக்காரர் எதற்கு மதிப்பிடப் போகிறார்? மென்பொருள் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படாது. இல்லாத கெழுவைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, மூன்று தசம இடம்வரை விடை சொல்லும். எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாது.

அப்படியானால் மேம்படுத்துவது எப்படி? பெரிய உதவி டிஎஃப்டியிலிருந்து வருகிறது. அந்தச் சிக்மா ஃபேஸையே பாருங்கள். அதன் அலகுக் கூட்டில், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பகுதியில், 30 அணுக்கள், அவை ஐந்து வகை இடங்களில் உட்காரும். இரண்டு தனிமங்கள் என்றால் 2-ஐ ஐந்து முறை பெருக்க 32 அமைப்புகள். மூன்று தனிமங்கள் என்றால் 243. இவற்றில் பெரும்பாலானவை இயற்கையில் கிடையாது, ஆனால் சூத்திரத்துக்கு எல்லாவற்றின் ஆற்றலும் வேண்டும். முன்பு வேறு வழியில்லாமல் ஐந்து இடங்களை மூன்றாகச் சுருக்கி, மீதியை அனுமானத்தில் ஓட்டினார்கள். இப்போது 243-ஐயும் கணினிக் கூட்டத்தில் போட்டு எடுத்துவிடலாம். சோதனைப் பக்கத்திலும் முன்னேற்றம் உண்டு: மூன்று, நான்கு உலோகக் கட்டிகளை ஒரே துண்டில் ஒட்டவைத்து, ஒரே சூடேற்றலில் பல ஜோடிகளின் தகவலை எடுக்கும் முறை பரவியிருக்கிறது.

மெஷின் லேர்னிங் பற்றிக் கேட்பீர்கள். விடுபட்ட கெழுக்களை ஊகிக்க அது உதவும். ஆனால் கிப்ஸ் ஆற்றலின் கட்டுப்பாடுகளுக்குள் நின்று ஊகித்தால்தான் பயன். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நிச்சயமின்மையைச் சேர்த்துச் சொல்வது. சிக்மா 812 டிகிரிக்குக் கீழே வரும் என்று ஒற்றை எண்ணைச் சொல்வதைவிட, 812-க்கு மேலும் கீழும் 40 டிகிரி ஆகலாம் என்று தெரிந்தால் பொறியாளர் தன் உலையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உருவான எஸ்பெய் என்ற இலவச மென்பொருள் இதற்காகவே ஒரே கெழுவுக்குப் பதில் ஆயிரக்கணக்கான சாத்தியமான கெழுத் தொகுதிகளைத் தேடி, விடை எவ்வளவு பரவுகிறது என்று காட்டுகிறது.

வணிகத் தரவுத்தளங்கள் பூட்டிய பெட்டிகளாகவே வருகின்றன. உள்ளே எந்த மும்மை மதிப்பிடப்பட்டது, எது காலி என்று முழுதாகப் பார்க்க முடியாது. அவற்றை உருவாக்க ஆகும் உழைப்பை நினைத்தால் பூட்டுவது புரிகிறது. ஆனாலும் கற்றுக்கொள்ள வருபவர் திறந்த கோப்புகளிலிருந்து தொடங்குவதே நல்லது. ஓபன்கால்ஃபேட், பைகால்ஃபேட் இரண்டும் இலவசம். பல ஜோடிகளுக்கும் மும்மைகளுக்கும் டிடிபி என்ற வடிவத்தில் கோப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவை வெறும் எழுத்துக் கோப்புகள், சாதாரண நோட்பேடிலேயே திறக்கும். கணக்குப் போடுவதற்கு முன், குரோமியம் உள்ள கோப்பு ஒன்றைத் திறந்து 7284 என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால், குரோமியத்துக்கு அந்தக் கோப்பு எடுத்திருப்பது 1991 தொகுப்பின் எண். கிடைக்காவிட்டால், அதோடு எந்த விரவல் கோப்பைச் சேர்க்கப் போகிறீர்கள் என்பதை ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்துவிட்டு ஓட்டுங்கள்.